பெட்டியில் நாலு புத்தகம்தான்

ரொறன்ரோ
தை 18

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து கனநாள். பதில் இல்லையென்று அம்மா குஞ்சியம்மாவுக்குச் சொல்லி, குஞ்சியம்மா எனக்குப் போன் எடுத்து ஏசின பிறகுதான் எழுதுகிறேன். நான் சுகம். வேலை இருக்கிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை, ஸ்காபரோ கடைகளில் ஒடியல் மாவும் கிடைக்கும்.

விஞ்ஞான நாவல், மாய உலக நாவல்களில் உனக்கு எது, சின்னவனுக்கு எது என்று கேட்டிருந்தாய். குஞ்சியம்மாவின் மகன் மாசியில் வருகிறார். தன் பெட்டியில் நாலு புத்தகத்துக்குத்தான் இடம் என்று சொல்லிப்போட்டார். ஆகவே நாலு.

இந்த வகை நூல்களுக்கென்றே இங்கே ஒரு இடம் இருக்கிறது. கொலிஜ் வீதியில் லில்லியன் எச். ஸ்மித் நூலகம், மூன்றாம் மாடி, மெரில் தொகுப்பு. ஜூடித் மெரில் என்ற எழுத்தாளர் 1970 இல் தன் புத்தகங்களைக் கொடுத்துத் தொடங்கியது. வாசலின் இரண்டு பக்கமும் சிறகு முளைத்த வெண்கல மிருகங்கள். இரவல் தரமாட்டார்கள், அங்கேயே இருந்து வாசிக்க வேண்டும், காசில்லை. லீவு நாளில் நான் அங்கேதான். அறையிலும் ஹீற்றர் இருக்கிறது, அம்மாவிடம் வேறுவிதமாகச் சொல்லிவிடாதே.

ஒரு நாவல் தேறுமா என்று பார்க்க நான் கேட்பது இதுதான்: அந்த உலகத்துச் சனம் என்ன சாப்பிடுகிறது, குளிருக்கும் வெயிலுக்கும் என்ன செய்கிறது? அரசனும் போரும் தீர்க்கதரிசனமும் யாரும் எழுதலாம். அடுப்படிக் கணக்குப் பிழைத்தால் உலகமே பொய்யாகிவிடும்.

அதனால் முதலாவது, உர்சுலா லெ குவினின் 'தி லெஃப்ற் ஹான்ட் ஒஃப் டார்க்னஸ்', 1969. எப்போதும் கடுங்குளிராக இருக்கும் ஒரு கிரகம். அங்கே மேசையில் ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார்கள்: ஒரு மிடறுக்கும் அடுத்த மிடறுக்கும் இடையில் கிண்ணத்தில் உறைந்த பனியை உடைக்க! சிறகுள்ள உயிரே அங்கு இல்லை, அதனால் பறக்கும் வாகனம் என்ற எண்ணமே அவர்களுக்கு எழவில்லை. கடைசிப் பகுதியில் இரண்டு பேர் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பனிப்பாளத்தைக் கடக்கிறார்கள். கூடாரம், ஒற்றை அடுப்பு, கிச்சி-மிச்சி என்கிற கட்டி உணவு, நாளுக்கு இவ்வளவுதான் என்ற பங்கீடு. குளிரை வீரமாக எழுதாமல் வேலையாக எழுதியிருக்கிறார். தொடக்கத்து அரசவைப் பக்கங்கள் இழுக்கும், பொறுத்துக்கொள். அங்குள்ளவர்கள் நிலையாக ஆணுமில்லைப் பெண்ணுமில்லை, அது பிடிபட நாலைந்து அத்தியாயம் எடுக்கும்.

இரண்டாவது உன் பௌதிக வகுப்புக்கு. லாரி நிவனின் 'ரிங்வேர்ல்ட்', 1970. நட்சத்திரத்தைச் சுற்றி ஏறக்குறைய 15 கோடி கிலோமீற்றர் ஆரையில், 16 இலட்சம் கிலோமீற்றர் அகலத்தில் ஒரு திண்ம வளையம், உட்புறத்தில் குடியிருப்பு. ஈர்ப்புக்குப் பதிலாகச் சுழற்சி. வேகத்தின் வர்க்கத்தை ஆரையால் வகுத்து 9.8 க்குச் சமப்படுத்தச் சொல்லு: செக்கனுக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் வரும். பிறகு கேள், இது நிலைக்குமா? நிலைக்காது. வளையம் இம்மியளவு விலகினாலும் நட்சத்திரத்துக்குக் கிட்டின பக்கம் இன்னும் பலமாக இழுபடும், திரும்பக் கொண்டுவர விசை இல்லை. 1971 உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழக மாணவர்கள் இதைக் கோஷமாகவே போட்டார்கள். அடுத்த பாகத்தில் ஆசிரியர் விளிம்பில் உந்திகள் பூட்டினார். முதற்பதிப்பில் பூமியையே எதிர்த்திசையில் சுற்றவிட்டிருந்தார், பிறகு திருத்தினார். பாத்திரங்கள் வெறும் அட்டை, உள்ளதைச் சொல்கிறேன்.

இப்படிக் கணக்குப் பார்த்தால், செவ்வாயில் தனியே விடுபட்டவன் உருளைக்கிழங்கு நட்டுப் பிழைக்கும் 'த மார்ஷியன்' நாவலின் தொடக்கப் புயலும் அடிபடும். செவ்வாயின் வளி நம்முடையதில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு அடர்த்தி. அங்கே மணிக்கு 100 கிலோமீற்றர்க் காற்று நமக்குப் பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீற்றர்த் தென்றல், றொக்கற்றைச் சரிக்காது. தெரிந்துதான் எழுதினேன் என்று ஆசிரியரே ஒத்துக்கொண்டார். உருளைக்கிழங்குக் கணக்குக்காக மன்னிக்கலாம்.

மூன்றாவது 'டூன்', 1965, ஃபிராங்க் ஹெர்பேட். பாலைவனக் கிரகத்துக் கதை. தண்ணீர்க் கணக்கு இதைப்போல வேறெங்கும் இல்லை: உடலின் வியர்வையை வடித்துத் திரும்பக் குடிக்கத் தரும் உடுப்பு, செத்தவரின் தண்ணீர் ஊருக்குச் சொந்தம். பின்னால் சொல்லகராதி இருக்கிறது, முதல் நூறு பக்கத்துக்கு அங்கே ஒரு விரலை வைத்துக்கொண்டே வாசி. முதல் நூலோடு நிறுத்து.

நாலாவது சின்னவனுக்கு. லெ குவினின் 'எ விஸார்ட் ஒஃப் ஏர்த்சீ', 1968, மெல்லிய புத்தகம். ஓரிடத்தில் மந்திரத்தால் மழை பெய்வித்தால் வேறொரு தீவு வறளலாம். அதுதான் அங்குள்ள சட்டம். நாயகன் ஆட்டுக்காரப் பெடியன், செம்மண்ணிறம். பழைய அட்டைகளில் அவனை வெள்ளையாக்கியதில் ஆசிரியருக்குக் கோபம். அவன் தீவுக்குத் தீவு படகில் போகிற பக்கங்களில் எனக்கு நயினாதீவுக்குப் படகெடுக்கும் குறிகாட்டுவான் இறங்குதுறை நினைவில் வந்துவிட்டது. அம்மா முந்தானையால் என் தலையை மூடுவா, எஞ்சின் புகை மணக்கும். புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். போன ஆனி நயினாதீவுத் திருவிழாவுக்கு யார் யார் போனீர்கள்? ஒருவரும் எழுதவில்லை.

மேல்வீட்டுப் போலந்துக் கிழவரைப்பற்றி முந்தியே சொன்னேன், பனி அள்ளும்போதும் தொப்பி போடாதவர். போலந்து எழுத்தாளர் லெம்மின் 'சொலாரிஸ்' நாவலின் ஆங்கில அச்சுப்பிரதியை உனக்கு அனுப்பினால் என்னோடு கதைக்கமாட்டாராம். 1970 ஆங்கிலப் பதிப்பு போலிஷிலிருந்து வந்ததல்ல, பிரெஞ்சு வழியாக வந்தது. நேரடி மொழிபெயர்ப்பு 2011 இல் ஒலிநூலாகவும் மின்னூலாகவும் வந்தது. தேடினால் அதைத் தேடு.

சின்னவன் கேட்டாலும் 'வீல் ஒஃப் ரைம்' என்ற மாய உலகத் தொடர் வேண்டாம். பதினாலு தொகுதி, எழுதியவர் 2007 இல் காலமாக, இன்னொருவர் 2013 இல் முடித்துவைத்தார். ஜோர்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ சோங் ஒஃப் ஐஸ் அன்ட் ஃபயர்' தொடரும் வேண்டாம், அது ஐந்தாவது தொகுதி 2011 இல் வந்ததோடு நிற்கிறது.

இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும், வேலையிடத்தில் சம்பள நாளை மாற்றுகிறார்கள், வேறொன்றுமில்லை. அதற்குள் சின்ன மாமாவிடம் கைமாற்று வாங்காதே. அம்மாவின் கண்ணுக்குத் திகதி எடுத்தால் உடனே சொல்லு, அதற்கு எப்படியும் அனுப்புவேன்.

வடக்கு வேலிப் பிரச்சினை: பெரியக்கா சொல்கிறாவென்று இப்போது கதியால் நடவேண்டாம். காணி உறுதியில் உள்ள வரைபடத்தைப் படம் எடுத்து அனுப்பு. நில அளவையாளர் வந்து கல் போடும்வரை பக்கத்து வீட்டோடு ஒரு கதையும் வேண்டாம். என் கையெழுத்துத் தேவையென்றால் நொத்தாரிசிடம் கேட்டு, படிவத்தைக் குஞ்சியம்மாவின் மகன் திரும்பும்போது கொடுத்துவிடு. அவர் பங்குனி முதல் கிழமை புறப்படுவார்.

அண்ணா