ஆண்டறிக்கை: ட்ரோனில் பலகை மாறினால் பதிவு எண்ணும் மாறுமா?

ட்ரோன்களை வீட்டிலேயே செய்து பறக்கவிடும் நம் காரைக்குடிக் குழுவின் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை நாட்கள் தவிர ஞாயிறு காலைப் பறத்தல் ஒரு வாரமும் நிற்கவில்லை. கண்மாயில் தண்ணீர் ஏறியதும் கானாடுகாத்தான் பக்கத்துப் பொட்டலுக்கு மாறிக்கொண்டோம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு சால்டரிங் சொல்லிக்கொடுக்க வளவில் இடம் தந்த ஆச்சிக்கு நன்றி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சரி, ஆண்டு முழுக்க நாம் பேசிக்கொண்டிருந்த ட்ரோன் பதிவு விவகாரத்துக்கு வருகிறேன்.

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் பல தொல்லைகளைக் குறைத்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 25 படிவங்கள் 5 ஆயின, பதிவுக் கட்டணம் 100 ரூபாய்தான், அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடத்தில் 400 அடி வரை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பொழுதுபோக்குக்காக 2 கிலோ வரை பறக்கவிட பைலட் சான்றிதழும் வேண்டாம். மதுரை, திருச்சி விமான நிலையங்கள் இரண்டும் காரைக்குடியிலிருந்து நேர்கோட்டில் 70 கி.மீ.க்கு மேல் தள்ளி இருப்பதால் விமான நிலையத்துக்கு அருகே பறக்கவிடுவோருக்கு வரும் கட்டுப்பாட்டுத் தொந்தரவும் நமக்கு இல்லை.

சிக்கல் பதிவு எண்ணில்தான். அந்த எண் ட்ரோனின் வரிசை எண்ணோடு மட்டுமல்ல, உள்ளே இருந்து பறத்தலைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையான ஃப்ளைட் கன்ட்ரோலர், கையில் இருக்கும் ரிமோட் இரண்டின் எண்களோடும் கட்டப்பட்டிருக்கிறது. எதை மாற்றினாலும் 7 நாட்களுக்குள் அரசின் பதிவு இணையதளத்தில் திருத்த வேண்டும். கடையில் பெட்டியோடு வாங்கியவருக்கு இது பெரிய விஷயமில்லை. நாம் அப்படியா? மே மாதம் கருவேல மரத்தில் மோதி ஒரு உறுப்பினரின் பலகை கருகியது, இன்னொரு ட்ரோன் பிரேமிலிருந்து வேறு பலகையைக் கழற்றிப் போட்டார், அது ஒத்துவராமல் அடுத்த ஞாயிறே வேறொன்று, அப்புறம் பழைய பலகையைச் சரிசெய்து திரும்பவும் மாட்டினார். ஒரே ரிமோட்டில் நான்கு பிரேம் பறக்கவிடுகிறோம். வீட்டில் செய்ததற்கு வரிசை எண் தரும் கம்பெனி ஏது, நாமேதான் கம்பெனி. விதியை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம் என்று கேள்விப்பட்டதும், சேர வந்த ஒரு பையனை அவன் அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டார். எனக்கு இந்த ஆண்டில் ரொம்ப வலித்தது அதுதான். நன்றாகக் கை வந்த பையன்.

பதிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்க் கூட்டத்துக்கு மேலே ஒருவன் பறக்கவிட்டால் அவனைக் கண்டுபிடிக்க எண் வேண்டும்தான். ஆனால் அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவர் 5 டாலர் கட்டி ஒருமுறை பதிந்தால் மூன்று ஆண்டு செல்லும், அந்த ஒரே எண்ணைத் தன்னுடைய எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளலாம். ஆளைப் பதிவதுதான் நம் மாதிரி ஆட்களுக்குப் பொருந்தும். இதையே கேட்டு மத்திய அரசுக்கு எழுத வேண்டும் என்று இன்றைய கூட்டத்தில் தீர்மானம் வைக்கிறேன், படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்லுங்கள்.

அதுவரை விதி விதிதான். அடுத்த ஞாயிறு வரும்போது அவரவர் பலகை எண், ரிமோட் எண் இரண்டையும் தாளில் குறித்து எடுத்துவாருங்கள். மடிக்கணினி நான் கொண்டுவருகிறேன், உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்திவிடலாம்.

செயலாளர்