நின்றுபோன கணக்கெடுப்பு

ஆசிரியருக்கு,

வெளிநாட்டு உதவி வெட்டு பற்றிய செய்திகளில் மருந்தும் உணவும்தான் பேசப்படுகின்றன. ஆய்வுகள் முடங்கியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவிகளை நிறுத்திவைத்ததும், பஞ்சம் வருமுன் எச்சரிக்கும் ‘ஃபியூஸ் நெட்’ அமைப்பின் இணையதளமே மறைந்தது. எத்தியோப்பியப் பஞ்சத்தை அடுத்து 1985-இல் அமெரிக்கா தொடங்கிய அமைப்பு அது. சூடானில் மக்கள் பட்டினி கிடந்த நேரத்தில் அது பல மாதங்கள் வாய்மூடிக் கிடந்தது. 1984 முதல் 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் அமெரிக்க நிதியில் நடந்துவந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டமும் அடுத்த மாதமே நிறுத்தப்பட்டது. பிறப்பு, இறப்புப் பதிவே சரியாக இல்லாத நாடுகள் குழந்தை இறப்பு விகிதத்தை இனி எதைக்கொண்டு கணக்கிடும்?

இதைவிடக் கொடுமை, பாதியில் கைவிடப்பட்ட மருத்துவப் பரிசோதனைகள். தென்னாப்பிரிக்காவில் எச்ஐவி தடுப்புக்கான சோதனை வளையத்தை உடலுக்குள் ஏற்ற பெண்களையும் அமெரிக்காவின் அந்த நிறுத்த உத்தரவு விட்டுவைக்கவில்லை. இதைச் சிக்கனம் என்பவர்களுக்கு, சோதனைக்கு உடன்பட்டவர்களை நடுவில் கைவிடக்கூடாது என்ற ஆய்வு அறநெறி தெரியாது.

பிரிட்டனும் தன் உதவியை 2027-க்குள் தேசிய வருமானத்தில் 0.5-லிருந்து 0.3 சதவீதமாகக் குறைக்கிறது. தேவை எங்கே என்று அளக்க ஆளில்லாவிட்டால், மிஞ்சிய பணமும் குருட்டாம்போக்கில்தான் செலவாகும். இனி உதவ முன்வரும் நாடுகள் நிவாரணப் பொருட்களோடு கள ஆய்வாளர்களின் சம்பளத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்