ஃப்ரூட் கேக்கை யாரும் விரும்புவதில்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விடுமுறைச் சிறப்புப் பகுதியில், பண்டிகைக்கு எதைப் பரிசாகக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். கூடாதவற்றில் முதலிடம் ஃப்ரூட் கேக்குக்கு. 'இதை யாரும் விரும்பிச் சாப்பிடுவதில்லை, மரியாதைக்கு வாங்கி வைத்துவிட்டு அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்கள்' என்கிறார் உங்கள் கட்டுரையாளர். படித்து நாளாகியும் மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் எத்தனை பேரைக் கேட்டுவிட்டு இப்படி எழுதினார்? நான் வருஷாவருஷம் வீட்டில் இந்தக் கேக்கைச் செய்கிறவள். டிசம்பர் பிறந்துவிட்டால் 'எப்போது வெட்டப்போகிறாய்?' என்று கேட்காத ஆள் எங்கள் வீட்டில் கிடையாது. என் மாமனார் கடைசிக் காலத்தில் இனிப்பு என்று எதையும் தொடமாட்டார். இந்தக் கேக்கில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொள்வார். தட்டில் உதிர்ந்து கிடக்கும் துகளைக்கூட விரல்நுனியால் ஒற்றி எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். மரியாதைக்குச் சாப்பிடுகிறவர் துகளை ஒற்றி எடுக்கமாட்டார், ஐயா.

கட்டுரையாளர் புதிதாகவும் எதையும் சொல்லிவிடவில்லை. உலகத்தில் ஒரே ஒரு ஃப்ரூட் கேக்தான் இருக்கிறது, அதையே ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜானி கார்சன் சொன்ன பழைய வேடிக்கைதான் இது. அவர் வேலை சிரிக்கவைப்பது. நீங்கள் அதை ஊரறிந்த உண்மை மாதிரி, ஆலோசனையாக அச்சடித்திருக்கிறீர்கள். கொலராடோவின் மானிடூ ஸ்பிரிங்ஸில் 1996 முதல் ஃப்ரூட் கேக் எறியும் போட்டி நடப்பதையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். அதே நாட்டில், டெக்சாஸின் கோர்சிகானாவில் 1896-இல் தொடங்கிய காலின் ஸ்ட்ரீட் பேக்கரி, ஃப்ரூட் கேக்கால்தான் பேர் வாங்கி இன்றைக்கும் அதைக் கடல் கடந்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஜார்ஜியாவில் கிளாக்ஸ்டன் என்ற ஊர் தன்னை ஃப்ரூட் கேக் தலைநகரம் என்றே சொல்லிக்கொள்கிறது. யாரும் தின்னாத பண்டத்தை நூறு வருஷம் தாண்டியும் எந்த வியாபாரி சுட்டுக்கொண்டிருப்பான்? எறிகிற ஊர் கண்ணில் பட்டது, சுட்டு விற்கிற ஊர்கள் படவில்லை.

இது முதல் தடவையாக இருந்தால் விட்டுவிட்டிருப்பேன். 2017-இல் அண்டார்டிகாவின் கேப் அடேர் குடிசையில் ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் நிறுவனத்தின் ஃப்ரூட் கேக் ஒன்று தகர டப்பாவோடு கிடைத்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். தென் துருவம் தேடிப்போன ஆங்கிலேயர் ராபர்ட் ஸ்காட்டின் 1910-ஆம் ஆண்டுப் பயணக் குழு கொண்டுபோனதாக இருக்கும் என்றார்கள். டப்பா துருப்பிடித்து நைந்துபோயிருந்தது. உள்ளே கேக் மட்டும் பார்க்கவும் முகரவும் கிட்டத்தட்ட சாப்பிடலாம் போல இருந்ததாம். உங்கள் பத்திரிகை அதைத் துணுக்குப் பக்கத்தில் போட்டு, பக்கத்தில் கேக்கைச் செங்கல்லாக வரைந்த கேலிச்சித்திரமும் போட்டது. கேலி செய்ய அதில் என்ன இருக்கிறது? உயிரை உறையவைக்கும் குளிரில் உடம்புக்குத் தெம்பு வேண்டும், கொண்டுபோன சாப்பாடு கெடவும் கூடாது. வெண்ணெயும் சர்க்கரையும் உலர்பழமும் செறிந்த ஒன்றைத் தேடி எடுத்துப்போனார்கள், அவ்வளவுதான். சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமி வளர வழியில்லாமல் போகிறது, அதனால்தான் இந்தக் கேக் நாள்படத் தாங்குகிறது. ஊறுகாய் ஒரு வருஷம் கெடாமல் இருந்தால் போட்ட கையைப் பாராட்டுகிறோம். கேக் கெடாமல் இருந்தால் மட்டும் கல் என்கிறோம்.

2011-இல் பிரிட்டன் இளவரசர் வில்லியம் திருமணத்துக்கு எட்டு அடுக்கில் செய்ததும் ஃப்ரூட் கேக்தான். அதைப் பற்றி நீங்கள் எழுதியதாக எனக்கு நினைவில்லை. 2018-இல் அவர் தம்பி எலுமிச்சைக் கேக்குக்கு மாறியதும், 'பழைய கேக்குக்கு விடைகொடுத்தாச்சு' என்று தலைப்புப் போட்டீர்கள்.

சரி, எல்லோருக்கும் பிடிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆரஞ்சுத் தோலின் கசப்பு சிலருக்கு ஆகவே ஆகாது. என் மகளே தோலைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். கிராம்பு வாசனை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. அது அவரவர் நாக்கு. ஆனால் எனக்குப் பிடிக்காது என்பது வேறு, ஊரில் ஒருவருக்கும் பிடிக்காது என்பது வேறு. அதோடு, பிடிக்காது என்கிறவர்களில் பலர் ஒழுங்காகச் செய்த கேக்கைச் சாப்பிட்டதே இல்லை என்பது என் அனுபவம். அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் அவசரத்தில் சுட்ட காய்ந்த கேக்கும், அதில் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றிய செர்ரித் துண்டுகளும்தான். அந்தச் செர்ரியை முதலில் கந்தக டை ஆக்சைடில் போட்டு இயற்கை நிறத்தை வெளுக்கவைத்து, பிறகு சாயமும் பாகும் ஏற்றுகிறார்கள். அதில் பழத்தின் ருசி எங்கே மிஞ்சும்? அந்த ருசியை வைத்துத்தான் ஃப்ரூட் கேக்குக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

இந்தக் கெட்ட பேருக்கு உங்கள் பத்திரிகையும் ஒரு காரணம். மன வருத்தத்தோடு சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் 'ஒரு மணி நேரத்தில் ஃப்ரூட் கேக்' என்று டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு குறிப்பு வெளியிட்டீர்கள். பழத்தை ஊறவைக்கவே சொல்லவில்லை. ரம்முக்குப் பதில் எசன்ஸ். ஓவன் 200 டிகிரி. அளவெல்லாம் 'கப்' கணக்கில், எந்தக் கப் என்று சொல்லாமல். அந்தச் சூட்டில் மேலே தெரிகிற திராட்சையெல்லாம் கருகிக் கசக்கும், நடுவில் மாவு வேகாமல் நிற்கும். அதைப் பார்த்துச் செய்த என் நாத்தனார் கேக்கைக் குப்பையில் போட்டுவிட்டு, 'இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன்' என்றாள். அப்போதே உங்களுக்கு விவரமாக ஒரு கடிதம் எழுதினேன். அது வரவில்லை. அட்டைப்படத்தைப் பாராட்டி வந்த கடிதங்களுக்கு அந்த இதழில் இடம் இருந்தது.

இந்தக் கேக்குக்கு வேண்டியது பொறுமை. பழங்களைக் குறைந்தது சில வாரமாவது ஊறவைக்க வேண்டும். கரீபியன் தீவுகளில் 'கறுப்புக் கேக்' என்கிற அவர்கள் ஊர் ஃப்ரூட் கேக்குக்கு ரம்மில் மாதக்கணக்கில், சிலர் ஒரு வருஷம்கூட ஊறப்போடுகிறார்கள். டின்னுக்குள் இரண்டு அடுக்கு பட்டர் பேப்பர், வெளியே சுற்றி ஒரு தடிமனான காகிதம். 150 டிகிரிக்கு மேல் போகாத சூட்டில், டின்னின் அளவைப் பொறுத்து மூன்று நான்கு மணி நேரம். ஆறியதும் மெல்லிய கம்பியால் அங்கங்கே குத்தி, பிராந்தியை ஸ்பூன் ஸ்பூனாக விட்டு, காகிதத்தில் சுற்றிக் காற்றுப் புகாமல் வைத்துவிட வேண்டும். வாரத்துக்கொரு தடவை திறந்து மறுபடியும் ஊட்ட வேண்டும். முதலில் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். போகப் போக அது அடங்கி, ஆரஞ்சுத் தோலும் ஜாதிக்காயும் திராட்சையும் ஒன்றாகக் கலந்த மணம் வரும். சுட்ட அன்றே வெட்டினால் பொலபொலவென்று உதிரும், ஒன்றரை மாதம் கழித்து வெட்டினால் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். வெட்டிய பக்கம் ஈரமாக மின்னும். மது சேர்க்காதவர்கள் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைக்கலாம், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதை நாள்கணக்கில் வெளியில் வைக்கக் கூடாது.

உங்கள் கட்டுரை வெளிவந்த வாரம், அலுவலகத்தில் ஒரு பெண்ணிடம் கேக்கைக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்தவர் உங்கள் கட்டுரையின் வரியை அப்படியே சொல்லிச் சிரித்தார். அந்தப் பெண் என்ன செய்வது என்று தெரியாமல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்ததைக் கொடுக்கிறவர் முகத்தையும் வாங்குகிறவர் முகத்தையும் ஒரே வரியில் வாடவைத்துவிட்டீர்கள். எழுதுகிறவருக்கு ஒரு நிமிஷச் சிரிப்பு, அவ்வளவுதான்.

மறுப்பு வெளியிடுங்கள் என்று கேட்கவில்லை. அடுத்த வருஷம் ஃப்ரூட் கேக் செய்முறை போடுவதாக இருந்தால் தயவுசெய்து அக்டோபர் முதல் இதழில் போடுங்கள். டிசம்பர் கடைசியில் போட்டால் படிக்கிறவர்கள் ஊறவைக்க நேரம் இருக்காது. அளவுகளைக் கிராமில் கொடுங்கள். அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒருவர் அதை ஒரு முறை செய்து பார்த்துவிடட்டும்.

இப்படிக்கு,
பல வருஷமாக உங்கள் பத்திரிகையை வாசித்துவரும் ஒரு வாசகி