எங்கள் தரம் 3 பிள்ளைகளுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

எங்கள் ஊராருக்கும், தூர இருந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு தரம் 3 வகுப்பில் பிரம்பு இல்லை. அதட்டலும் நன்றாகக் குறைந்துவிட்டது. பிள்ளைகளோ முன்பைவிட ஒழுங்காக இருக்கிறார்கள். காணும் இடமெல்லாம் என்னைப் பாராட்டுகிறீர்கள். ஆனால் இது ஒரு வகுப்பாசிரியை தனியே செய்யக்கூடிய வேலை இல்லை. யார் யார் என்ன செய்தார்கள் என்று ஊருக்குத் தெரியவேண்டும்.

முதல் நன்றி அதிபருக்கு. பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. வன்னியில் இன்னமும் ‘அடியாத மாடு படியாது’ என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். “நாலு போடுங்கோ ரீச்சர், நான் ஒண்டும் கேக்க மாட்டன்” என்று வந்து நின்ற அப்பாமாரை அதிபர்தான் இருத்திக் கதைத்தார். அடித்தால் பிள்ளை பயப்படப் பழகுமே தவிர, என்ன செய்யவேண்டும் என்று பழகாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

ஆரம்பக் கல்விக்கான ஆசிரிய ஆலோசகர் காட்டிய வழி எனக்குப் பெரிய உதவி. ‘நல்ல பிள்ளை’ என்று பொதுவாகச் சொல்லாமல், செய்ததைச் சொல்லச் சொன்னார், அதையும் உடனே. “பக்கத்துப் பிள்ளையின் பென்சில் முறிந்ததும் உன்னுடையதைக் கொடுத்தாய், பார்த்தேன்” என்றால், நாளைக்கும் என்ன செய்யலாம் என்று பிள்ளைக்கு விளங்கும். வகுப்பு விதிகளையும் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவித்தார்: காத்திருப்போம், காது கொடுப்போம், கவனமாக வைப்போம். ‘ஓடாதே’, ‘கத்தாதே’ எதுவும் அதில் இல்லை.

புளியங்கொட்டைகளைக் கழுவிக் காயவைத்துத் தந்த அம்மம்மாவுக்கு நன்றி. யாராவது நல்லது செய்தால் போத்தலுக்குள் ஒரு கொட்டை விழும். நிறைந்தால் வகுப்பு முழுவதற்கும் மர நிழலில் கதையும் விளையாட்டும். தனிப் பரிசு கிடையாது, அதனால் போட்டி பொறாமையும் இல்லை. யாராவது குழப்படி செய்தாலும் போட்ட கொட்டையைத் திருப்பி எடுப்பதில்லை. அதில் நான் உறுதியாக இருக்கிறேன். பிள்ளை தேடியது பிள்ளைக்குத்தான்.

பள்ளி உணவு சமைக்கும் அம்மாமாருக்கு எப்படி நன்றி சொல்வது! வரிசையில் எப்போதும் இடித்துத் தள்ளும் ஒரு பையன். அவன் வெறும் வயிற்றோடு வரும் நாட்களில்தான் அப்படிச் செய்கிறான் என்று கண்டுபிடித்தது அவர்களில் ஒருவர். அதற்குப் பிறகு அவன் வந்ததும் அவித்த கடலை கொஞ்சம் கையில் கொடுப்பார். அப்புறம் கோப்பைகளை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பையும் அவனிடமே விட்டார். இப்போது சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்துவிட்டு, தன் கோப்பையைக் கடைசியாக எடுக்கிறான். படித்த எங்களுக்குப் படாத காரணம் அந்த அம்மாவின் கண்ணில் பட்டது.

கதைப் புத்தகங்கள் அனுப்பிய வெளிநாட்டு உறவுகளுக்கும், அலுமாரி செய்து தந்த தச்சு ஐயாவுக்கும் நன்றி. பிள்ளைகள் கடைக்கு வந்தால், “இண்டைக்கு வகுப்பில என்ன நல்லது செய்தனி?” என்று தவறாமல் கேட்கும் கடைக்கார அண்ணைக்குத் தனியாக ஒரு நன்றி. அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே சிலர் நல்லது தேடிச் செய்கிறார்கள்.

பெற்றோரே, உங்களில் பலர் 2009இல் பள்ளிப் பிள்ளைகள். போரில் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாம்களில் கூடாரத்துக்குள் இருந்து படித்தவர்கள். “எங்களை ஒருத்தரும் இப்பிடிப் பாராட்டினதில்லை ரீச்சர், என்னெண்டு சொல்லுறதெண்டே தெரியேல்லை” என்று ஒரு தாய் கூட்டத்தில் சொன்னார். தெரியாது என்று சொன்ன அவர்தான் இன்று தன் மகள் செய்த நல்லதை ஒவ்வொரு நாளும் கொப்பியில் ஒரு வரி எழுதி அனுப்புகிறார். தனக்குக் கிடைக்காததைப் பிள்ளைக்குக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. உங்களுக்கு என் மனம் நிறைந்த நன்றி.

தை மாதம் பிள்ளைகள் தரம் 4க்குப் போகிறார்கள். அதே மூன்று விதிகளை அங்கேயும் தொடர்வதாக அந்த வகுப்பு ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அவருக்கு முற்கூட்டியே என் நன்றி. அவர் கூப்பிடும்போது எனக்கு வந்ததுபோல் அவருக்கும் வாருங்கள்.

அன்புடன்,
தரம் 3 வகுப்பாசிரியை