ஆறு சொல்லுக்கும் ஒரே பொருளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் வீக், ஃபீபிள், ஃப்ரெயில், இன்ஃபர்ம், ப்யூனி, டெக்ரெபிட் என்று ஆறு சொற்களை வரிசையாக அடுக்கி, ஆறுக்கும் சேர்த்து 'பலவீனமான' என்று ஒரே பொருள் போட்டிருந்தீர்கள். முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவனுக்கு அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

என்னிடம் படித்த ஒரு பையன், தாத்தாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக விடுப்புக் கேட்டு எழுதிய கடிதத்தில், 'தாத்தா டெக்ரெபிட் ஆகிவிட்டார்' என்று எழுதியிருந்தான். இப்படி ஒரு பட்டியலில் இருந்து எடுத்த சொல்தான். இடிந்து விழக் காத்திருக்கும் கட்டடத்துக்கும் கதவு கழன்று ஆடும் பழைய காருக்கும் வழங்குகிற சொல் அது. மனிதரைப் பற்றிச் சொன்னால், 'உளுத்துப்போன கிழம்' என்று ஏசுவதற்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்தப் பையனுக்கோ தாத்தா என்றால் உயிர்!

அவன் தேடியது ஃப்ரெயில். ஊதினால் விழுந்துவிடுவார் என்கிறோமே, அந்த நிலை. பார்சல் பெட்டிகளில் ஒட்டுகிற ஃப்ராஜைல் என்ற சொல்லும் இதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுக்கும் மூலம் 'உடையக்கூடியது' என்ற பொருள் தரும் ஒரே லத்தீன் சொல். ஃப்ரெயில் பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது. அதில் ஏளனம் கிடையாது, பரிவு உண்டு.

முதியோர் மருத்துவத்தில் ஃப்ரெயில்டி என்பது இன்று வரையறை உள்ள சொல். 2001இல் அமெரிக்காவில் லிண்டா ஃப்ரீட் குழுவினர் ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள்: முயலாமலே எடை குறைவது, சோர்வு, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. இவற்றில் மூன்று இருந்தாலே ஃப்ரெயில். பெரிய நோய் எதுவும் இல்லாதவரும் அந்த நிலையில் இருக்கலாம். 'பலவீனம்' என்ற ஒரே சொல்லில் இதையெல்லாம் எப்படி அடைப்பது?

வீக் பொதுச்சொல். காய்ச்சலில் கிடந்து எழுந்தவரும் வீக், கணக்கு வராத மாணவனும் வீக், தூள் போதாத தேநீரும் வீக். ஃபீபிள் அதைவிட இரங்கத்தக்கது. அழத்தக்கது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஈனக்குரலுக்கும் ஒப்புக்குச் செய்த முயற்சிக்கும் அது பொருந்தும். இன்ஃபர்ம் நமது தள்ளாமை. பெரும்பாலும் முதுமையோடு சேர்ந்தே வரும்.

ப்யூனி கதை சுவையானது. பிரெஞ்சில் 'பின்னால் பிறந்தவர்' என்பதே அதன் மூலப்பொருள். நமது உயர் நீதிமன்றங்களில் தலைமை நீதிபதி அல்லாத மற்ற நீதிபதிகளை ப்யூனி ஜட்ஜ் என்று குறிப்பிடும் வழக்கம் இருக்கிறது. எழுத்து வேறு, ஒலிப்பு அதேதான். நீதிபதிகளை யாரும் நோஞ்சான் என்று சொல்லவில்லை! ஆனால் அன்றாட ஆங்கிலத்தில் அந்தச் சொல் நோஞ்சான், சோனி என்ற கேலியாகவே நின்றுவிட்டது. நோயுற்ற பெரியவரை ப்யூனி என்று எழுதும் மாணவனை உங்கள் பட்டியல் எப்படித் தடுக்கும்?

இன்னொன்று. மருத்துவரிடம் ஆங்கிலத்தில் 'வீக்னஸ்' என்று சொல்லும்போது நம்மில் பலர் அசதியைத்தான் சொல்கிறோம். அவர்கள் ஏட்டில் அசதி ஃபெடீக். தசையில் வலு குறைவதுதான் வீக்னஸ். திடீரென ஒரு பக்கக் கையும் காலும் வீக் ஆனால் அது பக்கவாதத்தின் அறிகுறி, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஓட வேண்டும். அசதி என்றால் அப்படி இல்லை. மாத்திரைச் சீட்டு வரைக்கும் போகிற வேறுபாடு இது.

இடம் இல்லை என்பீர்கள். ஆறு சொல் வேண்டாம், இரண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் கொடுங்கள். அடுத்த வாரம் பருமனைக் குறிக்கும் சொற்கள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஃபேட், ஸ்டவுட், ப்ளம்ப் மூன்றுக்கும் நேரே 'குண்டான' என்று மட்டும் போட்டுவிட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்