லியோனில் ஒரு பழைய சுவரொட்டி

அன்புள்ள செல்வராஜுக்கு,

உன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. மஞ்சள் தடவிய ஓரம்கூட அப்படியே இருந்தது. ஆவணியில் ஊருக்கு வந்துவிடுவோம், கட்டாயம் வருகிறேன்.

மகன் வீட்டுக்கு, பிரான்சின் லியோன் நகருக்கு வந்து ஒரு மாதமாகிறது. நேற்று பழைய காகிதங்கள் விற்கும் கடையில் ஒரு சுவரொட்டி பார்த்தேன். உன் நினைவுதான் வந்தது. 1916இல் இந்த ஊரில் நடந்த முதல் வணிகச் சந்தைக்கு அடித்தது. மடிப்பு உடையாமல் பின்னால் துணி ஒட்டியிருக்கிறார்கள். மடிப்புக் கோட்டில் மட்டும் மை உதிர்ந்து காகிதம் வெளுத்திருக்கிறது. கீழ் மூலையில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். அச்சடித்தவர் பெயர் போட வேண்டும் என்பது இந்த நாட்டில் 1881ஆம் ஆண்டுச் சட்டம்.

என்னை நிறுத்தியது தேதிதான். மார்ச் 1 முதல் 15 வரை. முதல் உலகப் போரில் ஜெர்மனியோடு நடந்த வெர்தன் சண்டை தொடங்கியது அதே வருடம் பிப்ரவரி 21. அங்கே பீரங்கி முழங்க ஆரம்பித்து ஒன்பது நாள் கழித்து, இங்கே ரோன் நதிக்கரையில் மரக்கடைகளை வரிசையாகப் போட்டுச் சந்தையைத் திறந்துவிட்டார்கள்! போருக்கு முன் ஐரோப்பிய வியாபாரிகள் ஜெர்மனியின் லைப்சிக் சந்தைக்குத்தான் போவார்கள். அந்த வழி அடைபட்டதும், அதற்குப் போட்டியாக நாமே நடத்துவோம் என்று முன்னால் நின்றவர் மேயர் எதுவார் எரியோ. இதுவும் லைப்சிக் போல மாதிரிச் சந்தைதான். சரக்கைச் சுமந்து வர வேண்டாம், மாதிரியைக் காட்டி ஆர்டர் பிடித்தால் போதும்.

அதே வருடம் 'அவர்களை வீழ்த்துவோம்' என்று துப்பாக்கியோடு ஓடும் சிப்பாயை வரைந்து போர்க்கடன் கேட்டது ஓவியர் ஆபெல் ஃபெவ்ரின் சுவரொட்டி. அது புகழ்பெற்றது, நானும் படத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் என் மனம் இதில்தான் நிற்கிறது. மகனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்ட ஊரிடம், வா, வியாபாரம் பார்ப்போம் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும்!

அப்புறம், உங்கள் வீட்டுக் கிணற்றடியில் உன் அப்பாவின் கல்லச்சுக் கல் ஒன்று கிடந்ததே, அம்மா துணி துவைப்பார்களே. கொழுப்பு மையால் தலைகீழாக எழுத்து வரைந்து, கல்லை நனைத்து, நிறத்துக்கு ஒரு கல்லாக ஒற்றிய காலம். இந்தச் சுவரொட்டி காலத்து வேலையும் அதுதான். அந்தக் கல் இன்னும் இருக்கிறதா? இருந்தால் கழுவி எடுத்து வை. வந்ததும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மாணிக்கம்