சின்னப் பெட்டிக்கு எந்த ஷெல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெமரி விலை இறங்கிவிட்டதால் இனி சிறு கருவிகளிலும் பாஷ் ஷெல்லையே போட்டுவிடலாம், லேப்டாப்பில் எழுதிய ஸ்கிரிப்ட் அப்படியே ஓடும் என்று சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் படித்தேன். (ஷெல் என்பது நாம் தரும் கட்டளைகளைப் படித்து நடத்தும் புரோகிராம்; ஸ்கிரிப்ட் என்பது அந்தக் கட்டளைகளை எழுதிவைத்த கோப்பு.) முதல் பாதியில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. இரண்டாம் பாதியை நம்பித்தான் ஒரு ராத்திரி முழுக்க ஒரு தொட்டித் தண்ணீரைக் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஓடவிட்டேன்.

சூரமங்கலத்தில் சிறிய மின்னணுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஏற்காட்டு எஸ்டேட்டுகளுக்கு மழைமானி, தொட்டி மட்டம் பார்த்து மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பெட்டி போன்றவை செய்துகொடுப்பது வேலை. உள்ளே இருப்பது லினக்ஸ் ஓடும் சின்ன போர்டு. 8 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), லைப்ரரி, மழைப் பதிவு எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்க வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட என் லேப்டாப்பில் பாஷ் மட்டுமே 1.2 எம்பிக்கு மேல். டேஷ் என்ற இன்னொரு ஷெல் சுமார் 120 கேபி. கடையில் இன்று மெமரி என்ன விலை விற்றாலும், ஏற்கெனவே போர்டில் பற்றவைத்த சில்லு வளரப்போவதில்லை.

எங்கள் பெட்டிகளில் இருப்பது பிஸிபாக்ஸ். 1990களின் நடுவில் புரூஸ் பெரன்ஸ், டெபியன் என்ற லினக்ஸை நிறுவும் வட்டு ஒரே ஃபிளாப்பிக்குள் அடங்க வேண்டும் என்று தொடங்கியது. ஒரே புரோகிராமுக்கு நூற்றுக்கணக்கான பெயர்கள்; எந்தப் பெயரில் கூப்பிடுகிறோமோ அந்தக் கட்டளையாக நடந்துகொள்ளும். ஷெல்லும் அதற்குள்ளேயே உண்டு: ஆஷ். கென்னத் ஆல்ம்க்விஸ்ட் 1989-ல் எழுதிய ஷெல்லின் வாரிசு. டேஷும் அதே வம்சம்தான், ஆஷுக்குப் பங்காளி முறை.

இனி என் தவறு. ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட். மிதவை கீழே இருந்தால் 0, தொட்டி நிரம்பியிருந்தால் 1 என்று திருப்பித் தரும் சின்ன புரோகிராம் ஒன்றை நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, 0 வந்தால் மோட்டாரை ஓட்டச் சொல்லியிருந்தேன். அது கக்குவதெல்லாம் பதிவுக் கோப்புக்குப் போகட்டும் என்று வரியின் கடைசியில் &> போட்டேன். லேப்டாப்பில் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தேன், கச்சிதம். ஆனால் &> என்பது பாஷின் சொந்தச் சுருக்கெழுத்து. பிஸிபாக்ஸை மூலநிரலிலிருந்து கட்டும்போது, சில கேபி மிச்சமாகுமே என்று, பாஷின் இத்தகைய சுருக்குகளை ஆஷுக்கும் புரியவைக்கும் பாஷ் ஒத்திசைவு என்ற வசதியை நானே அணைத்திருந்தேன். அது இல்லாத ஆஷ் அந்த வரியை இரண்டாகப் பிரித்துப் படிக்கும். & வரைக்கும் ஒரு கட்டளை, பின்னணியில் போய் ஓடு என்று அனுப்பிவிடும். மீதியிருக்கும் > குறி, பதிவுக் கோப்பைக் காலி செய்யும் தனிக் கட்டளை. அது எப்போதும் வெற்றிதான், எப்போதும் 0. மிதவை என்ன சொன்னது என்று கேட்க ஆளே இல்லை.

காலை ஆறு மணிக்கு மேஸ்திரி போன் செய்தார். "தம்பி, ராத்திரி பூரா மோட்டார் ஓடியிருக்குதுங்க, டேங்க் ரொம்பி களத்துப் பக்கம் வரைக்கும் ஈரம்." பைக்கை எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பனிமூட்டத்தில் பெட்டியைத் திறந்து சீரியல் ஒயரைச் சொருகினேன். பதிவுக் கோப்பைத் திறந்தால் ஒன்றுமே உருப்படியாக இல்லை. நிமிடத்துக்கு ஒருமுறை நானேதான் துடைத்துக்கொண்டிருந்தேனே! பிழை இருக்கிறதா என்று ஓட்டாமலே படித்துப் பார்க்கும் சோதனையும் செய்தேன். குறை ஏதும் சொல்லவில்லை. இலக்கணப்படி அந்த வரி சரிதான். பொருள்தான் வேறு.

பாஷ் போட்டிருந்தால் இது வந்திருக்காதே என்பார் கட்டுரையாளர். வாஸ்தவம். அந்த வசதியை அணைக்காமல் விட்டிருந்தாலும் வந்திருக்காது. ஆனால் லேப்டாப்பில் எழுதியது அப்படியே ஓடும் என்பது லேப்டாப்பிலேயே முழு உண்மை இல்லை. உபுண்டு 2006-ல் வந்த 6.10 பதிப்பிலிருந்தே தன் சிஸ்டம் ஸ்கிரிப்ட்களுக்கான ஷெல்லை டேஷுக்கு மாற்றிவிட்டது. நாம் தட்டச்சு செய்கிற திரையில்தான் பாஷ். ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் போட்ட ரவுட்டரில் ஆஷ். ஆண்ட்ராய்டு போனில் 4.0 முதல் எம்கேஷ் என்ற இன்னொரு ஷெல். இத்தனைக்கும் பொதுவான, போசிக்ஸ் என்ற தர இலக்கணத்தில் எழுதினால் எந்தப் பெட்டியிலும் ஓடும். 2014-ல் பாஷில் ஷெல்ஷாக் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது பாஷ் வைத்திருந்த சர்வர்காரர்கள் தூக்கமில்லாமல் அலைந்தார்கள். ஆஷ், டேஷ் வைத்திருந்தவர்களை அது தொடவில்லை. ஓட்டை இருந்த இடமான, சூழல் மாறிகளிலிருந்து (புரோகிராம் தொடங்கும்போது அதனிடம் கொடுக்கப்படும் மதிப்புகள்) ஃபங்ஷன்களை எடுத்துக்கொள்ளும் வசதியே அவற்றில் கிடையாது.

அளவை மட்டும் பார்த்து டேஷைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு பெட்டியில் போட்டுப் பார்த்தேன். ஸ்கிரிப்ட் சுறுசுறுப்பாக ஓடியது. ஆனால் முந்தைய கட்டளை வேண்டும் என்று மேல் அம்புக்குறியை அழுத்தினால் திரையில் கோணல்மாணலாகக் குறிகள்தான் விழுந்தன. மலைக்குளிரில் விரல் விறைத்து நிற்பவனுக்கு, நீளக் கட்டளையை மறுபடி முதலிலிருந்து அடிப்பது தண்டனை. பிஸிபாக்ஸ் ஆஷில் பழைய கட்டளைகளைத் திரும்ப அழைக்கும் வசதியைச் சேர்த்தே கட்டிக்கொள்ளலாம். அதை நான் ஒருபோதும் அணைப்பதில்லை.

எம்எம்யு, அதாவது ஒவ்வொரு புரோகிராமின் நினைவகத்தையும் பிரித்துக் காக்கும் வன்பொருள், இல்லாத போர்டு என்றால் கதையே வேறு. அங்கே ஃபோர்க் (ஓடும் புரோகிராம் தன்னையே நகலெடுத்துக்கொள்வது) செய்ய முடியாது, அதனால் ஆஷும் ஓடாது. பிஸிபாக்ஸுக்குள் இருக்கும் இன்னொரு ஷெல்லான ஹஷ் மட்டும் விஃபோர்க் என்ற, நகலெடுக்காத மாற்று வழியை வைத்துச் சமாளிக்கும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் குறையாகவே பட்டது.

நாகலூர்ப் பெட்டியில் அந்த &> இருந்த இடத்தில் இப்போது > போட்டுக் கோப்பின் பெயர், பின்னால் 2>&1. அதே வேலையைச் செய்யும், இந்த ஷெல்கள் எல்லாவற்றுக்கும் புரியும் எழுத்துமுறை இது. அவ்வளவுதான் மாற்றம். புது ஸ்கிரிப்ட் எதுவானாலும், பெட்டியில் போகும் அதே பிஸிபாக்ஸைப் பட்டறை மேசையில் உள்ள இன்னொரு போர்டில் போட்டு ஒரு நாள் ஓடவிட்ட பிறகே ஏற்காடு போகும் வழியிலுள்ள கோரிமேடு தாண்டுகிறேன். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, ஷெல்களின் எடையோடு அவை ஒரே வரியை எப்படி வேறுவேறாகப் படிக்கின்றன என்பதையும் அரைப் பக்கமாவது போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறைக்கார வாசகர் ஒருவர்,
சூரமங்கலம், சேலம்.